சமூகக் கல்லூரியில் வணிகம் படிக்கலாமா? சுங்கை சிப்புட் வட்டாரப் பெற்றோரும் மாணவரும் கேட்கும் கேள்விகள்

ஐந்தாம் படிவ மாணவர்கள் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் முடிவுகள் வெளியாகும் காலத்தில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டையும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களையும் சேர்ந்த குடும்பங்கள் அடுத்தது என்ன என்று விசாரிக்கத் தொடங்குகின்றன. வணிக நிர்வாகம், சந்தைப்படுத்தல், தொழில்முனைவு ஆகியவற்றைச் சமூகக் கல்லூரியில் படிப்பது பற்றி அப்போது எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதப்பட்டுள்ளது. எல்லாப் பதில்களும் ஒரே அளவில் இல்லை. மக்கள் அதிகம் குழம்பும் இடங்களில் அதிகம் எழுதியிருக்கிறோம்.

சமூகக் கல்லூரி என்பது என்ன? அது போலிடெக்னிக்கிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

இரண்டும் உயர்கல்வி அமைச்சின் கீழ், ஒரே இலாகாவின் பொறுப்பில் இயங்கும் அரசாங்கக் கல்விக்கூடங்கள். போலிடெக்னிக் பழையது, நமக்கு அருகில் ஈப்போவில் உள்ள உங்கு ஒமார் போலிடெக்னிக் 1969இல் தொடங்கப்பட்டது. சமூகக் கல்லூரிகள் 2001இல்தான் வந்தன. பெரிய நகரங்களுக்குப் போக இயலாத இளைஞர்களுக்கும், வேலையில் இருந்துகொண்டே ஒரு திறனைக் கற்க விரும்பும் பெரியவர்களுக்கும் அந்தந்த வட்டாரத்திலேயே கல்வி கிடைக்க வேண்டும் என்பது அவற்றின் நோக்கம். சுங்கை சிப்புட்டிலும் ஒரு சமூகக் கல்லூரி உண்டு. போலிடெக்னிக்கில் பெரும்பாலும் டிப்ளோமா படிப்புகள் நடக்கின்றன. சமூகக் கல்லூரியில் சான்றிதழ் படிப்பே முதன்மையானது. சில கல்லூரிகளில் டிப்ளோமாவும் உண்டு. பொதுமக்களுக்கான குறுகிய காலப் பயிற்சிகளும் நடக்கின்றன.

ஒவ்வொரு கல்லூரியும் எல்லாத் துறைகளையும் நடத்துவதில்லை. வீட்டுக்கு அருகில் உள்ள கல்லூரியில் சமையல்கலையோ வாகனப் பழுதுபார்ப்போ மட்டும் இருக்கலாம். வணிகப் படிப்பு வேறொரு மாவட்டத்தில் இருக்கலாம். ஆகவே விண்ணப்பிக்கும் முன் எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பு என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

எஸ்.பி.எம்.மில் என் மகனுக்குச் சுமாரான தேர்ச்சிதான். இடம் கிடைக்குமா?

சான்றிதழ் படிப்புக்கான தகுதி கடுமையானது அன்று. பல பாடங்களில் சிறப்புத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டியதில்லை. ஆனால் மலாய்மொழியில் தேர்ச்சி மிகவும் முக்கியம். எஸ்.பி.எம். முடித்தவர்கள் பொதுப் பல்கலைக்கழகங்களுக்கும் போலிடெக்னிக்குகளுக்கும் விண்ணப்பிக்கும் அதே யூ.பி.யூ. இணையத்தளத்தில்தான் சமூகக் கல்லூரிக்கும் விண்ணப்பிக்கிறார்கள். பெற்றோரில் பலர் பல்கலைக்கழகப் பெயர்களை மட்டும் வரிசையாக நிரப்பிவிட்டு, ஒன்றும் கிடைக்காதபோது வருந்துகிறார்கள். மதிப்பெண் நடுத்தரமாக இருந்தால், வரிசையின் கடைசி இடங்களிலேனும் சமூகக் கல்லூரிப் படிப்புகளை வைப்பது விவேகம்.

இது “படிக்காத பிள்ளைகள்” போகும் இடம் என்று சொல்கிறார்களே?

சொல்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் கல்லூரியின் வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டார்கள். கைத்திறனையும் தொழிலையும் இரண்டாந்தரமாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் நெடுநாளாக இருக்கிறது. அதற்காக இங்கே சேர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பவும் வேண்டாம். வகுப்புக்கு வராமல் நழுவுகிற மாணவன் எங்கே சேர்ந்தாலும் நழுவுவான்.

நிர்வாகம், சந்தைப்படுத்தல், தொழில்முனைவு ஆகிய மூன்றும் ஒன்றுதானே?

ஒன்றோடொன்று நெருங்கியவை, ஆனால் ஒன்றல்ல. இருக்கும் ஆளையும் பணத்தையும் பொருளையும் நேரத்தையும் வீணாகாமல் பயன்படுத்தும் முறை நிர்வாகம்: சரக்கு இருப்பு, ஊழியர் அட்டவணை, கணக்குப் பதிவு, அலுவலகக் கடிதங்கள் எல்லாம் அதில் அடங்கும். யாருக்கு எந்தப் பொருள் தேவை, அவர் என்ன விலை கொடுப்பார், அவரிடம் அது எப்படிப் போய்ச் சேரும் என்பதை ஆராய்வது சந்தைப்படுத்தல். இல்லாத ஒன்றைத் தொடங்கி, நட்டமும் வரலாம் என்று தெரிந்தே அதற்குப் பொறுப்பேற்பது தொழில்முனைவு.

வேலைக்குப் போகும் எண்ணமுள்ளவருக்கு முதலாவது அதிகம் பயன்படும். சொந்தத் தொழிலை எண்ணுபவர் மூன்றாவதைத்தான் ஆவலோடு எதிர்பார்ப்பார். ஆனால் சிறு கடைகள் மூடப்படுவதற்குத் துணிவு போதாமை காரணமாவதைவிட முதலாவது இல்லாமை காரணமாவதே அதிகம் என்பது எங்கள் கருத்து.

என் அம்மா பல ஆண்டுகளாக முறுக்குச் சுட்டு விற்கிறார். அவருக்குத் தெரியாத எதைக் கல்லூரி எனக்குச் சொல்லித் தரும்?

முறுக்குச் சுடுவதை அல்ல. முறுக்கின் அடக்க விலையைக் கணக்கிடுவதை. இதற்கு ஒரு கணக்கைப் போட்டே காட்டலாம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை. உங்கள் வீட்டு எண்களை அவற்றின் இடத்தில் போட்டுப் பாருங்கள்.

தீபாவளிக்கு முன் ஒரு நாள் 20 போத்தல் முறுக்குச் செய்வதாக வைத்துக்கொள்வோம். மாவும் உளுந்தும் வெண்ணெயும் மற்றவையும் 60 ரிங்கிட், எண்ணெய் 38, எரிவாயு 7, போத்தலும் ஒட்டுத்தாளும் 22, தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய்க் கொடுக்கப் பெட்ரோல் 8. மொத்தம் 135 ரிங்கிட். ஒரு போத்தலைப் 10 ரிங்கிட்டுக்கு விற்றால் 200 ரிங்கிட் கைக்கு வருகிறது. 65 ரிங்கிட் இலாபம் என்று அம்மா மகிழ்கிறார்.

அந்த 65 ரிங்கிட் இலாபமே இல்லை. அம்மாவும் சின்னம்மாவும் ஆளுக்கு ஐந்து மணி நேரம் அடுப்படியில் நின்றிருக்கிறார்கள். 2025ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தை மணிக்கணக்கில் பிரித்தால் ஏறத்தாழ 8 ரிங்கிட் வரும். பத்து மணி நேரத்துக்கு 80 ரிங்கிட். அதையும் சேர்த்தால் செலவு 215. ஒரு போத்தலின் அடக்கம் 10 ரிங்கிட் 75 சென். அதாவது ஒவ்வொரு போத்தலுக்கும் அம்மா 75 சென்னைத் தம் உழைப்பிலிருந்து வாங்குபவருக்கு இனாமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

விலையை 14 ரிங்கிட்டாக உயர்த்தினால் போத்தலுக்கு 3 ரிங்கிட் 25 சென் நிற்கிறது. இப்போது பட்டணத்துக் கடைக்காரர் ஒருவர் வந்து, “என் கடையில் வையுங்கள், விற்றால் நூற்றுக்கு இருபது எனக்கு” என்கிறார். 14இல் இருபது விழுக்காடு போக 11 ரிங்கிட் 20 சென் வரும். மிச்சம் வெறும் 45 சென். விற்காமல் திரும்பும் இரண்டு போத்தல்கள் போதும், அதுவும் கரைந்துவிடும். ஆனால் கடைக்காரரே எடுத்துக்கொண்டுபோவதால் பெட்ரோல் செலவு இல்லை. ஒரே மூச்சில் 60 போத்தல் செய்தால் ஒரு போத்தலுக்கான உழைப்பு நேரம் குறையும். அப்படியானால் அந்த ஏற்பாடு இலாபமா, நட்டமா? இந்தக் கேள்வியைத் தாளில் எழுதி, விடை காணும்வரை விடாமல் உட்காரப் பழக்குவதுதான் செலவுக் கணக்கு என்னும் பாடம். அம்மாவின் கைப்பக்குவத்துக்கு இது மாற்று இல்லை. அந்தக் கைப்பக்குவத்துக்கு உரிய விலையைப் பெற்றுத் தருவது.

சந்தைப்படுத்தல் என்றால் முகநூலிலும் டிக்டாக்கிலும் விளம்பரம் செய்வதா?

விளம்பரம் அதன் ஒரு பகுதி மட்டுமே. பொருள், விலை, இடம், விளம்பரம் என்னும் நான்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று ஜெரோம் மெக்கார்த்தி என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1960இல் வகுத்த முறை இன்றும் முதல் பருவப் பாடமாக இருக்கிறது. நம் இளைஞர்கள் நான்காவதிலிருந்து தொடங்குகிறார்கள். காணொளி அழகாக வருகிறது, பார்ப்பவர்களும் பலர், ஆனால் பொருள் போய்ச் சேர்வதற்கான வழி யோசிக்கப்பட்டிருக்காது.

நம் வட்டாரத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோட்டத்து வியாபாரம் உறவு வியாபாரம்: வாங்குகிறவர் அத்தை, மாமா, கோயிலில் காணும் அண்ணன். அவர்கள் முகத்துக்காக வாங்குவார்கள். சுவை குறைந்தாலும் சொல்ல மாட்டார்கள். தமிழர் அல்லாத ஒருவர், உங்களை முன்பின் அறியாத ஒருவர், இரவுச் சந்தையில் நின்று சுவைத்துப் பார்த்துவிட்டு இரண்டாம் முறையும் தேடி வந்தால்தான் அந்தப் பொருளுக்குச் சந்தை இருக்கிறது என்று பொருள். மலாய் வாடிக்கையாளர்களை எண்ணினால் ஹலால் சான்றிதழ் பற்றியும் யோசிக்க நேரும். அது கட்டாயமில்லை என்றாலும், அந்த முத்திரை இல்லாத உணவுப் பொட்டலத்துக்குப் பல கடைகளின் கதவு திறப்பதில்லை. பொட்டலத்தின் மேல் பொருளின் பெயர், சேர்க்கப்பட்டவை, நிகர எடை, தயாரிப்பாளர் முகவரி ஆகியவை இருக்க வேண்டும் என்று 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் கூறுகின்றன. “அம்மா கைமணம்” என்று மட்டும் அச்சிட்ட ஒட்டுத்தாளோடு பேரங்காடிக்குப் போக முடியாது.

கடன் கொடுக்காமல் தோட்டத்தில் வியாபாரம் நடக்காது. இதைப் பாடநூல் ஏற்குமா?

ஏற்கும். கடன் விற்பனை உலகெங்கும் உள்ளதுதான். நம்மூர் மளிகைக்கடைகளில் பழகிய 555 புத்தகம், வரவேண்டிய தொகைகளின் பதிவேடேயன்றி வேறன்று. சம்பள நாள்வரை பொருள் கொடுத்து, சம்பளத்தன்று வசூலிக்கும் அந்த ஏற்பாடு பல குடும்பங்களைப் பட்டினியிலிருந்து காத்திருக்கிறது.

அதில் உள்ள குறை என்னவென்றால், யார் எவ்வளவு தர வேண்டும் என்பது அதில் தெரியும், அந்தப் பாக்கியைச் சேர்த்தால் கடையின் கையில் உள்ள பணம் சரக்கு வாங்கப் போதுமா என்பது தெரியாது. இலாபம் காட்டும் கடைகூடக் கையில் காசில்லாமல் மூடப்படலாம். பணப்புழக்க அறிக்கை என்று கல்லூரியில் சொல்லித் தருவது இதைத்தான். யாருக்கு எவ்வளவு வரை கடன், எத்தனை நாளுக்கு என்று முன்கூட்டியே வரம்பு வைப்பதும், அந்த வரம்பைச் சொந்த மாமாவிடமும் முகம் கோணாமல் சொல்லப் பழகுவதும் பாடத்தின் கடினமான பகுதி; தேர்வுத்தாளில் அது வராது.

தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை. பாடங்கள் எந்த மொழியில் நடக்கும்?

பெரும்பாலும் மலாயில், ஆங்கிலமும் கலந்து வரும். இடைநிலைப்பள்ளியில் ஐந்து ஆண்டுகள் மலாயில் படித்த பிள்ளைக்குப் பாடம் புரிவதில் பெரிய சிரமம் இருக்காது. எழுந்து நின்று பேசும்போதுதான் தடுமாற்றம் வருகிறது. வணிகத் திட்டத்தை வகுப்பின் முன் விளக்குவது, நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசுவது, கடிதம் எழுதுவது எல்லாம் மதிப்பெண்ணுக்குரியவை. தமிழ் தெரிந்திருப்பதும் ஒரு முதலீடுதான்: மும்மொழியில் விற்கத் தெரிந்த ஆளைச் சுங்கை சிப்புட் கடைவீதியில் எந்த முதலாளியும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

செலவு எவ்வளவு ஆகும்?

அரசாங்கக் கல்லூரி என்பதால் பருவக் கட்டணம் தனியார் கல்லூரிகளோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. உண்மையான செலவு வேறிடத்தில் இருக்கிறது. போக்குவரத்து ஒன்று, தோட்டத்துக்குள்ளிருந்து பெரிய சாலைவரை பேருந்து வராத இடங்களில் மோட்டார் சைக்கிளும் பெட்ரோலும் தேவை. விடுதி எல்லாக் கல்லூரிகளிலும் இருப்பதில்லை. தூரத்துக் கல்லூரி என்றால் அறை வாடகையும் சாப்பாடும் சேரும். இவற்றைவிடப் பெரியது, கைவிடும் சம்பளம். தொழிற்சாலைக்குப் போனால் மாதம் 1,700 ரிங்கிட் உடனே வரும். படிக்கப் போனால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு அது வராது. அப்பா ஒருவரின் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. அதைப் பிள்ளையை முன்னால் உட்காரவைத்து வெளிப்படையாகப் பேசுவது நல்லது. மறைத்து அனுப்பினால் பாதியில் நின்றுவிடும் அபாயம் அதிகம்.

படிக்கும்போதே தொழிலைப் பதிவு செய்யலாமா?

18 வயது நிறைந்த குடிமக்கள் செய்யலாம். தீபகற்ப மலேசியாவில் 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டத்தின்படி, தொழிலைத் தொடங்கிய 30 நாட்களுக்குள் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயர் வைத்தால் 60 ரிங்கிட். உயர்கல்விக்கூட மாணவர்களுக்கு இந்தக் கட்டணத்தில் விலக்களிக்கும் திட்டமும் உண்டு. மாணவர் என்பதற்கான உறுதிக் கடிதத்தோடு கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பதிவுத்தாள் கிடைத்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் பலர். கடை வைக்கவும் அங்காடி போடவும் ஊராட்சி மன்றத்தின் உரிமம் தனியாக வேண்டும். உணவுத் தொழில் என்றால் உணவைக் கையாள்வோருக்கான பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் தேவை. அதோடு, தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கைத் திறந்துவிடுங்கள். வீட்டுப் பணமும் கடைப் பணமும் ஒரே பையில் இருக்கும்வரை எந்தக் கணக்கும் நிற்காது.

முதலுக்குக் கடன் எங்கே கேட்பது?

முதலில், எவ்வளவு தேவை என்று எழுதிப் பாருங்கள். பலருக்கு முதல் ஆறு மாதங்களுக்குக் கடனே தேவைப்படாது. தேவைப்படுமானால், 1998இல் தொடங்கப்பட்ட, சிறுதொழில்களுக்குக் கடன் தரும் அரசாங்க நிறுவனமான தெக்குன் நேஷனல் இந்தியத் தொழில்முனைவர்களுக்காக ஸ்பூமி என்னும் கடன் திட்டத்தை நடத்துகிறது. இந்தியப் பெண்களுக்காக அமானா இக்தியார் மலேசியா என்னும் சிறுகடன் அமைப்பின் வழியாக “பெண்” என்னும் கடன் திட்டம் 2024இல் அறிவிக்கப்பட்டது. இத்தகைய இடங்களில் வணிகத் திட்ட அறிக்கையும் பதிவுச் சான்றும் வங்கிக் கணக்கு விவரங்களும் கேட்பார்கள். கல்லூரியில் மதிப்பெண்ணுக்காக எழுதிய அறிக்கையைத் திருத்தி இங்கே பயன்படுத்தலாம்.

கையெழுத்து ஒன்றே போதும், அன்றே பணம் என்று சுவரொட்டி ஒட்டியவர்களிடம் போக வேண்டாம். வட்டி முதலைகளின் கதை நம் வட்டாரத்தில் யாருக்கும் புதிதல்ல.

தொழிற்பயிற்சிக்கு எங்கே போவது நல்லது?

படிப்பின் இறுதிக் கட்டத்தில் ஒரு நிறுவனத்தில் பயிற்சி பெற வேண்டியிருக்கும். ஈப்போவில் குளிரூட்டிய அலுவலகம் கிடைத்தால் பெருமையாக இருக்கும்; அங்கே நகல் எடுப்பதும் தேநீர் வாங்கிவருவதும்தான் வேலை என்றால் காலம் வீண். எங்கள் பரிந்துரை வேறு: முதலாளியே கல்லாவில் உட்காரும் ஒரு நடுத்தரக் கடை, மொத்த விற்பனைக் கிடங்கு, கூட்டுறவுச் சங்க அலுவலகம். கொள்முதலும் விலை நிர்ணயமும் வாடிக்கையாளர் சண்டையும் ஒரே நாளில் கண்ணில் படும் இடம் அதுதான்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வியாபாரம் சரிப்பட்டு வருமா?

இந்தக் கேள்வியைச் சுங்கை சிப்புட்டில் கேட்பது சற்று வேடிக்கையானது. 1950களில் வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போகத் தொடங்கியபோது, வேலையும் வீடும் இழந்த தொழிலாளர்களைக் கண்டு, இதே ஊரில் பிறந்தவரும் ம.இ.கா. கட்சியின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்தவருமான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தில் அச்சங்கம் தோட்டங்களையே விலைக்கு வாங்கியது. முதல் திரட்டுவதும், பங்குதாரர்களுக்குக் கணக்குக் காட்டுவதும், சொத்தை நிர்வகிப்பதும் கல்லூரிப் பாடங்கள் என்றால், அவற்றைத் தோட்டமக்கள் பட்டயம் இல்லாமலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். பரம்பரையில் கடை இல்லை என்பது ஒரு காரணமாகாது.

சான்றிதழோடு படிப்பு முடிந்துவிடுமா?

முடிய வேண்டியதில்லை. மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் சான்றிதழ் மூன்றாம் நிலை, டிப்ளோமா நான்காம் நிலை, இளங்கலைப் பட்டம் ஆறாம் நிலை. நல்ல தேர்ச்சி பெற்றவர்கள் போலிடெக்னிக்கில் வணிகம், சந்தைப்படுத்தல், கணக்கியல் போன்ற டிப்ளோமாக்களுக்கு விண்ணப்பிக்கலாம்.

எனக்கு வயது 45, எஸ்.பி.எம். இல்லை. நான் படிக்க முடியாதா?

முடியும். சமூகக் கல்லூரிகள் நடத்தும் குறுகிய காலப் பயிற்சிகள் பொதுமக்களுக்கானவை, ஒரு நாளிலோ சில நாட்களிலோ முடிபவை, கட்டணமும் சிறியது. கணக்கு எழுதுதல், அடுமனைப் பொருள்கள், தையல், இணைய விற்பனை என்று பலவகை உண்டு. மேலே சொன்ன முறுக்குக் கணக்கின் அம்மாவுக்கு முழுநேரப் படிப்பைவிட இத்தகைய ஒரு வகுப்பே பொருத்தம். அம்மாவும் மகளும் சேர்ந்து போனால் இன்னும் நல்லது.

கல்லூரியை நேரில் பார்க்கப் போகும்போது என்ன கேட்க வேண்டும்?

கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மாணவர்கள் நடத்தும் விற்பனை நாள் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, அதில் வரும் பணத்தின் கணக்கை யார் எழுதுகிறார்கள் என்று கேளுங்கள். தொழிற்பயிற்சி இடத்தைக் கல்லூரி ஏற்பாடு செய்து தருமா, மாணவரே தேட வேண்டுமா என்று கேளுங்கள். சென்ற ஆண்டு முடித்தவர்களில் எத்தனை பேர் மேற்படிப்புக்கும் எத்தனை பேர் வேலைக்கும் போனார்கள், சொந்தத் தொழில் தொடங்கியவர் யாரேனும் உண்டா என்று கேளுங்கள். விரிவுரையாளர் பெயர் சொல்லி, கடையின் இடத்தையும் சொன்னால், திரும்பும் வழியில் அந்தக் கடைக்குப் போய் நேரடியாக விசாரித்துவிட்டு, பிறகு விண்ணப்பத்தை அனுப்புங்கள்.